வெள்ளிப் பட்டறைக்கும் காபி எஸ்டேட்டுக்கும் ஒரே செட்டிங்ஸ் திரை

கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பில் போடும் திரையால் வரும் போனைவிட செட்டிங்ஸ் திரையால் வரும் போன்தான் அதிகம். பில் திரையைத் தினமும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். தப்பு இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். செட்டிங்ஸ் திரையை யாரும் சீந்துவதில்லை. பிரிண்டர் மாற்றும்போதோ கம்ப்யூட்டரை ஃபார்மட் அடிக்கும்போதோ திறப்பார்கள். அங்கே எதையாவது தெரியாமல் நகர்த்திவிட்டு மூடுவார்கள். அதன் விளைவு அடுத்த மாதக் கணக்கில் வந்து நிற்கும்.

நான் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கத்துக் கொலுசுப் பட்டறைகளுக்காக எழுதப்பட்டது. பைத்தான் மொழியும், திரை வரைய உதவும் க்யூட்டி நூலகமும். வெள்ளி எவ்வளவு கொடுத்தோம், கொலுசாக எவ்வளவு திரும்பி வந்தது, டச் (வெள்ளியின் சுத்தம்) என்ன, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதுதான் அதன் வேலை. முதலில் எழுதியவர் பெங்களூருக்குப் போய்விட, அது என் கைக்கு வந்தது. செட்டிங்ஸ் முழுக்க ஒரே ஃபைலில், ஒரே கிளாஸில் இருந்தது. தராசு, பிரிண்டர், டச் பட்டியல், பேக்கப், எஸ்எம்எஸ் என்று டேப்புகள் இரண்டு வரிசைக்கு ஏறியிருந்தன. ஓகே அழுத்தினால் ஒரு நீளமான ஃபங்ஷன் (நிரல் துண்டு) மேலிருந்து கீழே ஒவ்வொரு பெட்டியாகப் படித்து எழுதும். நடுவில் எஸ்எம்எஸ் பகுதியில் ஒரு பிழை வந்தால், அதற்குக் கீழே இருக்கும் பேக்கப் பகுதி சேவ் ஆகாது. மேலே இருந்தவை மட்டும் ஏற்கெனவே சேவ் ஆகியிருக்கும்.

அதை வைத்துக்கொண்டே காலம் தள்ளியிருக்கலாம். ஏற்காட்டிலிருந்து ஒரு காபி எஸ்டேட் கேட்டு வந்தபோதுதான் முடியாமல் போனது. அவர்களுக்கு வேண்டியது, பறித்து வரும் பழத்தை எடை போட்டு, ஆள்வாரியாகக் கிலோ கணக்கு வைத்து, வாரக் கூலி போடுவது. தராசு, பிரிண்டர், பேக்கப் மூன்றும் நம்மிடம் இருப்பதே போதும். ஆனால் டச்சும் சேதாரமும் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டருக்கு எதற்கு? அந்த டேப்புகளை மறைத்து வைத்துப் பார்த்தால், மறைத்த பெட்டியில் இருக்கும் காலி மதிப்பையும் அந்த நீள ஃபங்ஷன் சேவ் செய்ய முயன்றது. சரி, பிரித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

இதற்கு ஏற்கெனவே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன, புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. லினக்ஸில் வரும் கேடிஈ டெஸ்க்டாப்பின் சிஸ்டம் செட்டிங்ஸில் ஒவ்வொரு பக்கமும் தனி மாட்யூல், அதாவது தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய பகுதி. லோட், சேவ், டீஃபால்ட்ஸ் (தொடக்க மதிப்புக்குத் திருப்புவது) என்று மூன்று வேலைகளை அது தெரிந்துவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நிரல் எழுதும் எடிட்டரான க்யூட்டி கிரியேட்டரில் ஒவ்வொரு பிளகினும் (கூடுதலாகச் சேர்க்கும் துண்டு) தன் ஆப்ஷன்ஸ் பக்கத்தைத் தானே பதிவு செய்துகொள்கிறது. இன்டெல்லிஜே குடும்ப எடிட்டர்களில் 'மாறியிருக்கிறதா' என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் பக்கத்தின் வேலைகளுக்குள்ளேயே வருகிறது. அப்ளை பட்டனை எப்போது உயிர்ப்பிக்க வேண்டும் என்று அதை வைத்துத்தான் முடிவாகிறது. விஎஸ் கோட் எடிட்டர் வேறு வழியில் போகிறது. பிளகின் தன் அமைப்புகளின் பட்டியலை மட்டும் அறிவித்துவிடும், திரையை எடிட்டரே வரைந்துகொள்ளும்.

நான் எடுத்துக்கொண்டது இவற்றின் கலவை. ஒவ்வொரு மாட்யூலும் இரண்டு விஷயம் கொண்டுவரும். ஒன்று, தனக்கு என்னென்ன அமைப்புகள் உண்டு என்ற பட்டியல்: பெயர், வகை, டீஃபால்ட், குறைந்தபட்சம், அதிகபட்சம், எங்கே சேமிக்க வேண்டும். இரண்டாவது, விருப்பப்பட்டால் ஒரு பக்கம். பக்கம் தராத மாட்யூலுக்குப் பட்டியலை வைத்து டயலாக்கே (பக்கங்களைத் தாங்கும் செட்டிங்ஸ் சன்னல்) எளிமையான ஒரு படிவம் போட்டுவிடும். எஸ்எம்எஸ், பேக்கப் போன்றவற்றுக்கு அது போதும். தராசுக்குப் போதாது. அதைக் கீழே சொல்கிறேன்.

டயலாக் என்பது கல்யாண மண்டபம். உள்ளே யார் வீட்டுக் கல்யாணம் நடக்கிறது என்று மண்டபத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் பக்கம், கீழே பட்டன்கள், மேலே தேடும் பெட்டி. அந்த ஃபைலில் 'வெள்ளி' என்றோ 'டச்' என்றோ ஒரு சொல் வந்துவிட்டால் பிரித்த வேலை வீண். எஸ்டேட்டுக்கான பதிப்பில் வெள்ளி ஃபோல்டரையே எடுத்துவிட்டேன். செட்டிங்ஸ் திரை முணுமுணுப்பில்லாமல் திறந்தது. உண்மையில் மாட்யூலாகப் பிரிந்திருக்கிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: ஒரு மாட்யூலை அழித்துப் பாருங்கள், மற்றவை சத்தம் போடுகின்றனவா என்று.

இப்படிப் பிரித்ததும் அடுத்த தலைவலி வந்தது. பக்கங்கள் ஒன்றையொன்று எட்டிப் பார்க்க ஆசைப்படும். தராசுப் பக்கத்தில் எடைக்கு எத்தனை தசம இடம் என்று ஓர் அமைப்பு. பில் அச்சுப் பக்கத்தில் மாதிரி பில் ஒன்று தெரியும், அதில் எடை அத்தனை தசம இடத்தோடு வர வேண்டும். பழைய நிரலில் அச்சுப் பகுதி நேராகத் தராசுப் பகுதியின் பெட்டியைப் படித்தது. இப்போது அது முடியாது, படிக்கவும் கூடாது.

அதற்கு வழி, நடுவில் ஒரு வரைவு. டயலாக் திறக்கும்போது இருக்கும் அமைப்புகளை அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். பக்கங்கள் எல்லாம் அந்த வரைவில்தான் எழுதும், அதிலிருந்துதான் படிக்கும். ஒரு மதிப்பு மாறினால் வரைவு அறிவிப்புக் கொடுக்கும், வேண்டிய பக்கம் கேட்டுக்கொள்ளும். அச்சுப் பக்கத்துக்குத் தராசுப் பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, 'எடை தசம இடம்' என்ற பெயர் மட்டும் தெரியும். ஓகே கொடுத்தால் வரைவு மொத்தமும் ஒரே வீச்சில் சேமிக்கப்படும். கேன்சல் கொடுத்தால் வரைவைக் குப்பையில் போட்டால் போதும். பாதி சேவ் ஆகி பாதி நிற்கும் பழைய வியாதி இதிலேயே போய்விட்டது.

அப்ளை பட்டனை எடுத்துவிட்டேன். விண்டோஸ் 95 காலத்திலிருந்து ஓகே, கேன்சல், அப்ளை மூன்றும் சேர்ந்தே வருவதால் அதை வைத்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டறையில் கவனித்தால், அப்ளை அழுத்திப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று கேன்சல் அழுத்துவார்கள், பழையபடி ஆகிவிட்டது என்று நம்புவார்கள். ஆகாது. அப்ளை கொடுத்தது கொடுத்ததுதான். விண்டோஸின் பழைய பிராப்பர்ட்டி ஷீட்டில் (டேப் வைத்த செட்டிங்ஸ் சன்னல்) இதற்காகவே கேன்சல் பட்டனை முடக்கி, ஓகே பட்டனை 'க்ளோஸ்' என்று மாற்றும் ஏற்பாடு இருந்தது. மேக்கிலும் லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பிலும் போல, மாற்றியவுடன் நடைமுறைக்கு வருவது எழுத்தின் அளவு, நிறம் போன்றவற்றுக்கு அழகாக இருக்கும். சேதாரத்துக்கு அப்படி வைத்தால், செட்டிங்ஸ் திறந்திருக்கும்போதே இன்னொரு கம்ப்யூட்டரில் போடப்படும் ரசீதில் அரைகுறை எண் ஏறிவிடும். ஆகவே ஓகே, கேன்சல் இரண்டு மட்டும். முயன்று பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும், அந்தப் பக்கத்துக்குள்ளேயே 'சோதித்துப் பார்' என்று ஒரு பட்டன்.

தராசுப் பக்கத்துக்கு வருகிறேன், அதிக நேரத்தை விழுங்கியதும் அதிக நிம்மதி தந்ததும் அதுதான்.

பட்டறைத் தராசுகள் பெரும்பாலும் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் இணைப்பு வழியாகப் பேசுபவை. இன்றைய கம்ப்யூட்டர்களில் அந்தத் துளை இல்லாததால் யூஎஸ்பி கன்வர்ட்டர் கேபிள் ஒன்று நடுவில் வரும். வேகம் 9600, 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வைத்தால் பாதித் தராசுகள் பேசிவிடும். மீதி 2400, 4800 என்று தன் இஷ்டத்துக்கு இருக்கும். சில தராசுகள் ஓயாமல் எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும், சில பட்டனை அழுத்தினால்தான் அனுப்பும். சில கம்பெனித் தராசுகளில் எடை நிலைத்துவிட்டதா, இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறதா என்று வரியின் முன்னால் இரண்டு எழுத்து வரும். ஆடும் எடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் வெள்ளியில் காசு போகும்.

பழைய திரையில் 'காம் 3' என்று போர்ட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து வைக்கும் பெட்டி இருந்தது. கூட்டிப் பெருக்கும்போது கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் சொருகினால் அது காம் 5 ஆகிவிடும். உடனே போன் வரும். க்யூட்டியில் போர்ட்டின் பெயரோடு, கேபிளுக்குள் இருக்கும் சிப்பின் தயாரிப்பாளர் எண், பொருள் எண், வரிசை எண் ஆகியவற்றையும் கேட்டு வாங்கலாம். இப்போது சேமிப்பது அவற்றைத்தான், காம் எண்ணை அல்ல. எந்தத் துளையில் சொருகினாலும் கண்டுபிடித்துக்கொள்ளும். ஒரு சிக்கல் உண்டு. விலை குறைந்த கேபிள்களில் வரும் சிஎச்340 சிப்புகளில் பொதுவாக வரிசை எண் இருக்காது. விண்டோஸ் துளையை வைத்து அவற்றுக்கு எண் கொடுப்பதற்கும் அதுதான் காரணம். ஒரே மேசையில் இரண்டு தராசு, இரண்டிலும் அதே கேபிள் என்றால், எது எந்தத் தராசு என்று மென்பொருளால் சொல்ல முடியாது. அந்த மாதிரி இடங்களில் ஒன்றையாவது வரிசை எண் உள்ள எஃப்டிடிஐ சிப் கேபிளாக மாற்றச் சொல்லிவிடுகிறேன். நிரலில் முட்டி மோதுவதைவிட அது மலிவு.

இந்தப் பக்கத்தின் அடியில் கறுப்புப் பட்டை ஒன்று வைத்திருக்கிறேன். தராசு அனுப்பும் வரி எதுவானாலும் பிரித்துப் பார்க்காமல் அப்படியே அதில் ஓடும். அதற்கு மேலே, நாம் அதை எப்படிப் புரிந்துகொண்டோம் என்று பெரிய எழுத்தில் எடை. பட்டையில் ஒன்றுமே வரவில்லை என்றால் கேபிள் அல்லது போர்ட். கிறுக்கல் எழுத்துகள் வந்தால் வேகம் தப்பு. பட்டையில் ஒழுங்காக வந்து மேலே எடை காட்டாவிட்டால் அந்தத் தராசு வரியை அனுப்பும் முறை என் நிரலுக்குத் தெரியவில்லை. போனில் "கறுப்பா ஒரு பட்டை தெரியுதாண்ணா, அதுல என்ன ஓடுது?" என்று கேட்டாலே முக்கால்வாசி முடிந்துவிடும். முன்பு இதற்காக வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஏற்காட்டுக்கு என்றால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்க வேண்டும்.

சோதித்துப் பார் பட்டனில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸில் ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு இடத்திலிருந்துதான் திறக்க முடியும். பின்னால் பில் திரை அதைத் திறந்து வைத்திருக்கும்போது செட்டிங்ஸ் பக்கமும் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று பிழை வரும். பயனருக்கு அது தராசு கெட்டுவிட்டதாகத்தான் தெரியும். ஆகவே பக்கம் போர்ட்டைத் தொடவே கூடாது. தராசோடு பேசும் பொறுப்பு பின்னணியில் ஓடும் ஒரே ஒரு சர்வீஸிடம் இருக்கும். 'இந்த வரைவு மதிப்புகளை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டு' என்று பக்கம் அதனிடம் கேட்கும். டயலாக் மூடியதும் சர்வீஸ் பழைய மதிப்புக்கோ, ஓகே ஆன புதிய மதிப்புக்கோ போய்விடும். பிரிண்டருக்கும் இதே ஏற்பாடு.

பிரிண்டர் என்றதும் இன்னொன்று. எல்லாப் பக்கங்களையும் டயலாக் திறக்கும்போதே கட்டி வைக்காதீர்கள். அணைத்துக் கிடக்கும் நெட்வொர்க் பிரிண்டர் ஒன்று பட்டியலில் இருந்தால், பிரிண்டர்களைத் தேடும் அந்த ஒரு வரி திரையையே உறைய வைத்துவிடும். பிரிண்டர்களின் முழு விவரத்தைக் கேட்காமல் பெயர்களை மட்டும் கேட்டால் வேகம் என்று க்யூட்டி ஆவணமே சொல்கிறது. அதோடு, பக்கத்தை முதல் தடவை சொடுக்கும்போது மட்டும் கட்டினால் போதும். கட்டப்படாத பக்கம் மாறியிருக்க வாய்ப்பில்லை, சேவ் செய்யும்போது அதைத் தாண்டிப் போகலாம். ஆனால் 'எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்கு மாற்று' என்று அழுத்தினால்? கட்டாத பக்கத்துக்கும் அது போய்ச் சேர வேண்டும். டீஃபால்ட் மதிப்பு திரையில் இருக்கும் பெட்டியிடம் இருக்கக் கூடாது, மாட்யூல் தரும் பட்டியலில்தான் இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

எங்கே சேமிப்பது என்பதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது அது. ஒரே டயலாக்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் அமைப்புகள் ஒரே சாதி இல்லை. தராசுக் கேபிளும் பிரிண்டரும் அந்த ஒரு கம்ப்யூட்டரைச் சேர்ந்தவை. எழுத்தின் அளவும் மொழியும் உட்கார்ந்திருக்கும் ஆளைச் சேர்ந்தவை. ஜிஎஸ்டி எண், பில் வரிசை, சேதார விகிதம் எல்லாம் நிறுவனத்தைச் சேர்ந்தவை. இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு விதமாக இருந்தால் சண்டை வரும். முதல் இரண்டும் லோக்கல் ஃபைலில், மூன்றாவது டேட்டாபேஸில். பயனருக்கு இது தெரிய வேண்டியதில்லை, ஒவ்வொரு அமைப்பும் தன் இடத்தைத் தன் பட்டியல் வரியிலேயே சொல்லிவிடும்.

முன்பு எல்லாமே விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்ட்ரியில் இருந்தது. அமைப்புகளைச் சேமிக்க க்யூட்டி தரும் க்யூசெட்டிங்ஸ் விண்டோஸில் தானாக அங்கேதான் எழுதும். கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று யாரையோ கூப்பிட்டு ஃபார்மட் அடிப்பார்கள். டேட்டாபேஸ் டி டிரைவில் பத்திரமாக இருக்கும், செட்டிங்ஸ் சுத்தமாகப் போயிருக்கும். இப்போது லோக்கல் அமைப்புகள் ஐஎன்ஐ என்ற சாதாரண எழுத்து ஃபைலில் போகின்றன. பேக்கப்பிலும் சேரும். திரும்பக் கொண்டுவரும்போது மட்டும் கம்ப்யூட்டரைச் சேர்ந்தவற்றை விட்டுவிடும். முன் அறைக் கம்ப்யூட்டரின் பிரிண்டர் பெயரை உள்ளறைக் கம்ப்யூட்டரில் கொண்டுபோய் வைப்பதால் யாருக்கும் நன்மையில்லை. ஃபைலை நீங்களே எழுதுவதாக இருந்தால், முதலில் ஒரு தற்காலிக ஃபைலில் முழுக்க எழுதி முடித்து, அப்புறம் பெயர் மாற்றுங்கள். க்யூட்டியில் அதற்கென்றே க்யூசேவ்ஃபைல் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பழைய ஃபைலாவது மிஞ்சும். யூபிஎஸ் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், அதன் பேட்டரி எந்த நிலையில் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ரெஜிஸ்ட்ரியிலிருந்து ஐஎன்ஐ-க்கு மாறும்போது பைத்தான்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐஎன்ஐ ஃபைலில் எல்லாமே எழுத்துதான். 'சேதாரம் கூட்டு' என்ற செக் பாக்ஸை எடுத்துவிட்டு சேவ் செய்தால் 'ஃபால்ஸ்' என்ற எழுத்தாகப் போய் உட்காரும். மென்பொருளை மூடாதவரை க்யூசெட்டிங்ஸ் தன் நினைவில் இருக்கும் உண்மையான ஆம்/இல்லை மதிப்பை (பூலியன்) தரும், எல்லாம் சரியாக நடக்கும். மறுநாள் காலையில் திறந்தால் ஃபைலிலிருந்து எழுத்தாகத் திரும்பி வரும். பைத்தானுக்குக் காலியில்லாத எழுத்து எதுவானாலும் 'ஆம்'தான். டிக் தானாக ஏறிவிடும். நேற்று சரியாக இருந்தது இன்று இல்லை என்ற வகைப் புகார்கள் பலவற்றுக்கு வேர் இங்கே இருக்கும். படிக்கும்போதே வகையைச் சொல்லிக் கேட்டால் தீர்ந்தது. பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் வகை இருப்பதால், அதை ஒரே இடத்தில் செய்துவிட முடிந்தது.

சேதாரம் பற்றி வந்த இன்னொரு போன் இப்படி இருந்தது.

"தம்பி, நான் ஒண்ணையும் தொடல. சேதாரம் தானா ஏறியிருக்கு."

"செட்டிங்ஸ் திறந்தீங்களாண்ணா?"

"திறந்தேன். கீழே பிரிண்டர் பேரு பார்க்கணும்னு உருட்டிப் பார்த்தேன், மூடிட்டேன். அவ்வளவுதான்."

அந்த உருட்டல்தான். நீளமான பக்கத்தை மவுஸ் சக்கரத்தால் கீழே இறக்கும்போது, அம்புக்குறி ஏதாவது ஒரு ஸ்பின் பாக்ஸின் (எண்ணை ஏற்றி இறக்கும் பெட்டி) மேல் வந்து நின்றால், க்யூட்டியில் அதற்குமேல் பக்கம் நகராது. பெட்டியில் இருக்கும் எண் நகரும். பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் காம்போ பாக்ஸும் அப்படியே. மூடும்போது வழக்கம்போல ஓகே. 4.00 என்பது 4.25 ஆகியிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதற்கு இரண்டு திருத்தம் வேண்டும். சக்கரத்தை உருட்டினால் ஃபோகஸ் (பெட்டி தேர்வாகும் நிலை) அந்தப் பெட்டிகளுக்குப் போகாதபடி அவற்றின் ஃபோகஸ் முறையை மாற்ற வேண்டும், ஃபோகஸ் இல்லாதபோது வரும் சக்கர நிகழ்வைப் பெட்டி வாங்காமல் பக்கத்துக்கே விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் மாட்யூல்காரர் இதை நினைவில் வைத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கக் கூடாது. பக்கம் கட்டி முடிந்ததும் டயலாக்கே உள்ளே போய் எல்லா ஸ்பின் பாக்ஸுக்கும் காம்போ பாக்ஸுக்கும் இந்த வடிகட்டியை மாட்டிவிடுகிறது.

அதோடு நிற்கவில்லை. இப்போது ஓகே அழுத்தினால், நிறுவன அமைப்பு ஏதாவது மாறியிருந்தால் மட்டும், ஒரு சின்னப் பட்டியல் வரும்: 'சேதாரம்: 4.00 இருந்தது, 4.25 ஆகிறது'. வரைவும் மூலமும் கையில் இருப்பதால் வித்தியாசம் எடுப்பது சுலபம். எழுத்தின் அளவை மாற்றினால் இந்தக் கேள்வி வராது. எதற்கெடுத்தாலும் கேட்டால் படிக்காமலே ஆமாம் போடுவார்கள். யார், எப்போது மாற்றினார்கள் என்பதும் டேட்டாபேஸில் ஏறும். பட்டறை முதலாளிகளுக்கு மொத்த மென்பொருளிலும் ரொம்பப் பிடித்தது இதுதான் என்று எனக்குச் சந்தேகம்.

திரையின் அளவு. நாம் பெரிய மானிட்டரில் உட்கார்ந்து டயலாக் வடிவமைக்கிறோம். அங்கே இருப்பது 1366க்கு 768 லேப்டாப், கண்ணுக்குச் சிரமமாக இருக்கிறது என்று விண்டோஸில் 125 சதவீதம் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். கணக்குப் போட்டால் உயரம் 614 தான் கிடைக்கும், டாஸ்க்பார் போக இன்னும் குறைவு. ஓகே பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். பக்கம் ஸ்க்ரோல் ஆக வேண்டும், பட்டன்கள் ஸ்க்ரோலுக்கு வெளியே நிற்க வேண்டும். தமிழ் லேபிள்கள் நீளமானவை என்பதால் அகலத்தை எண்ணாக எங்கும் எழுதவே கூடாது. லேஅவுட் பார்த்துக்கொள்ளட்டும், இடம் போதாவிட்டால் பெட்டி அடுத்த வரிக்கு இறங்கட்டும்.

தேடும் பெட்டிக்கு லேபிள் மட்டும் போதாது. ஒவ்வொரு அமைப்பும் பட்டியலில் சில தேடு சொற்களையும் தரலாம் என்று வைத்தேன். 'அச்சு' என்று இருக்கும் இடத்தை 'பிரிண்டர்' என்று தேடுவார்கள், அதையும் ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். பக்கம் கட்டப்படாமலே தேடல் நடக்க இது உதவுகிறது.

உரிமை இல்லாத ஆளுக்குச் சேதாரப் பக்கத்தை மறைப்பதா, காட்டிப் பூட்டுவதா? பூட்டுவதே நல்லது. மறைத்தால் "உங்க திரையில இருக்கு, என் திரையில இல்லையே" என்று போனில் பேச்சு வளரும். சாம்பல் நிறத்தில் காட்டி, ஏன் பூட்டியிருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

செட்டிங்ஸுக்குள் வரவே கூடாதவையும் உண்டு. அன்றைய வெள்ளி விலை செட்டிங்ஸ் இல்லை. சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்தைப் பார்த்துப் போடும் பாயிண்ட் விலையும் அப்படித்தான். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மதிப்பு உள்ளதெல்லாம் தரவு, அதற்குத் தேதியோடு ஒரு அட்டவணை வேண்டும். ஜிஎஸ்டி விகிதமும் அதே வகைதான். 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான சரக்குகளுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் எடுக்கப்பட்டன. வெள்ளி நகைக்கு 3 சதவீதம் அப்படியே நின்றதால் பட்டறைகளில் சத்தமில்லை. வேறு சரக்கு விற்பவர்கள் சிலரிடம், வரியை ஒற்றை எண்ணாக செட்டிங்ஸில் வைத்திருந்த மென்பொருள்களில், விகிதத்தை மாற்றியதும் ஆகஸ்ட் மாத பில்லை மறுபடி அச்சடித்தால் புதிய விகிதத்தோடு வந்தது. வாடிக்கையாளர் ஒன்றை 'செட்டிங்ஸ்ல வைங்க' என்று கேட்டால், நேற்றைய பில்லுக்கும் இன்றைய மதிப்பு பொருந்துமா என்று கேட்டுப் பார்ப்பேன். பொருந்தாது என்றால் அதன் இடம் வேறு.

எஸ்டேட்டில் மாட்யூலைப் போட்ட பிறகு அதே தராசுப் பக்கம் அங்கேயும் வேலை செய்தது. பட்டறையில் கிராமில் இரண்டு தசமம், மலையில் கிலோவில், எடை 50 கிராம் படியாக ஏறும். தராசு மாட்யூலுக்கு வெள்ளியும் தெரியாது, காபிப் பழமும் தெரியாது என்பதால் அலகையும் படியையும் மட்டும் மாற்றினேன். அங்கே கேட்ட ஒரே புதிய விஷயம், சாக்கின் எடையைக் கழிப்பது. அது தராசு வேலையா, கூலி வேலையா என்று கொஞ்சம் யோசித்து, கூலி மாட்யூலில் வைத்தேன். சாக்கைக் கழிப்பது எஸ்டேட்டின் வழக்கம், தராசின் குணம் அல்ல.

மாட்யூலை எடுத்துவிட்டால் அதன் பழைய மதிப்புகளை என்ன செய்வது என்றும் கேட்பார்கள். தொடாதீர்கள். தெரியாத பெயர் ஃபைலில் இருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும். மாட்யூல் திரும்பி வரும்போது அதுவே எடுத்துக்கொள்ளும். பெயரை மாற்ற வேண்டியிருந்தால் அந்த மாட்யூலே தன் பதிப்பு எண்ணைப் பார்த்து மாற்றிக்கொள்ளட்டும், டயலாக் அதில் தலையிட வேண்டாம்.

கடைசியாக ஒரு டெஸ்ட். எழுத அரை மணி நேரம் ஆகாது, பதிவாகியிருக்கும் எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எதையும் தொடாமல், 'மாறியிருக்கிறதா' என்று கேட்கும். எல்லாமே இல்லை என்று சொல்ல வேண்டும். முதல் ஓட்டத்திலேயே டச் பக்கம் ஆமாம் என்றது. சேமித்த மதிப்பில் மூன்று தசமம், ஸ்பின் பாக்ஸில் இரண்டு. பெட்டியில் போட்டவுடனே மதிப்பு இரண்டு தசமத்துக்குச் சுருக்கப்பட்டுவிட்டது. சும்மா திறந்து ஓகே கொடுத்தவர் எல்லோருக்கும் டச் மெல்ல நகர்ந்திருக்கும். இப்போது டச்சை நூறால் பெருக்கிய முழு எண்ணாகவும், எடையை மில்லிகிராமாகவும் சேமிக்கிறேன். இரண்டு தசமத்துக்கு மேல் இருந்த பழைய மதிப்புகளைத் தானாக மாற்றவில்லை. அவற்றின் பட்டியலை முதலாளியிடம் காட்டி, அவரே எண்ணைச் சொல்லும்படி வைத்தேன்.